விருந்தாளிக்காக மாட்டிய கதவு

1

இந்த வருடமும் அது வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை, ஆசிரியர் அறையில் ஈரக் கோட்டைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கதிரையில் இருந்தவள் தேத்தண்ணிக் கோப்பையை ஊதியபடி, "மெயிலைப் பார்த்தாயா? மறுபடியும் எங்களிடம் கருத்துக் கேட்கிறார்கள்" என்றாள்.

இங்கிலாந்தின் வடக்கே, மழைக்குப் பெயர்போன ஒரு சிறு நகரத்தில், ஆரம்பப் பாடசாலை ஒன்றில் வேலை செய்கிறேன். என் பதவியைத் தமிழில் சொன்னால் உதவி ஆசிரியை. ஊரில் அது பெரிய நியமனம். இங்கே அதற்குப் பென்சில் சீவுவது, சப்பாத்து நாடா கட்டிவிடுவது, மூக்குத் துடைப்பது, கடிக்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் கடி வாங்கிக்கொண்டு இருப்பது என்று பொருள். வருடத்துக்கு ஒரு தடவை எங்களைப் போன்றவர்களிடமும் வேலை நிலைமை எப்படி என்று கொம்பியூட்டரில் கேட்பார்கள். பெயர் எழுதத் தேவையில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் கீழே வட்டங்கள் வரிசையாக இருக்கும், மிகத் திருப்தி என்பதிலிருந்து திருப்தியே இல்லை என்பதுவரை.

கேள்விகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனேன். நடுவில் ஒன்று வந்தது. வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதற்கும் கழிப்பறைக்குப் போவதற்கும் உங்களுக்குப் போதிய வசதி இருக்கிறதா?

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகவே சிரித்தேன். "என்ன, சுடுதண்ணீர்க் குழாயைத்தானே நினைத்தாய்? நானும் அதைத்தான் எழுதினேன், மூன்று நிமிடம் திறந்து விட்டால்தான் சூடாகிறது" என்று பக்கத்தில் இருந்தவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு என் சிரிப்பு நிற்கவில்லை. அறையில் இருந்தவர்கள் பயந்துபோய் எனக்கும் ஒரு தேத்தண்ணி ஊற்றித் தந்தார்கள். இந்த நாட்டில் மவுத்து வீட்டுக்கும் தேத்தண்ணிதான், கலியாணத்துக்கும் தேத்தண்ணிதான்.

அந்தக் கேள்விக்கு நான் இன்னும் வட்டம் போடவில்லை. ஊரில் இதை வாசிக்கிறவர்களுக்கு, முக்கியமாக மகளை டீச்சராக்கிப் பார்க்க வேண்டும் என்று துஆ கேட்டுக்கொண்டிருக்கும் உம்மாமாருக்கு, ஏன் என்று சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

2

நான் அங்கே படிப்பித்த பாடசாலை புத்தளத்துக்கு வடக்கே, கரைத்தீவுப் பக்கம், களப்போரத்தில் இருந்தது. அதன் பெயர் வேண்டாம். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் உடுத்த உடுப்போடு விரட்டப்பட்ட எங்கள் முஸ்லிம் சனம் வந்து குந்திய இடங்களில் அதுவும் ஒன்று. நானும் அப்படி வந்த பிள்ளைதான். கிடுகுக் கொட்டிலில் எழுத்துப் படித்து, தட்டுத் தடுமாறி டீச்சராகி அங்கே போய்ச் சேர்ந்தபோது யுத்தம் முடிந்திருந்தது.

நாங்கள் குடியிருந்த தில்லையடியிலிருந்து பெண் ஆசிரியைகள் சேர்ந்து ஒரு பழைய வேன் பிடித்திருந்தோம். ஆசிரியர்களின் கருத்தை யாராவது உண்மையாகவே திரட்ட நினைத்திருந்தால் அந்த வேனில் ஒரு நாள் ஏறியிருக்க வேண்டும். அதிபர் முன்னால் பேசாதது, புருசன்மாரிடம் சொல்லாதது, எல்லாம் அதற்குள்தான் வெளியே வரும். கதை பெண்கள் கதையாக மாறினால் டிரைவர் நானா தானாகவே ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிடுவார். தங்கமான மனிசன்.

முன் வரிசையில் பஸீஹா ராத்தா. கணக்கு டீச்சர். என்னைவிட மூத்தவர், மன்னார்த் தீவில் பிறந்தவர், குரல் மூன்று வகுப்புக்குக் கேட்கும். பிள்ளைகளைக் கிள்ளவும் கிள்ளுவார், பசியோடு வந்த பிள்ளைக்குத் தன் பாண் துண்டைப் பிய்த்துக் கொடுக்கவும் கொடுப்பார். பாடசாலையில் எனக்கு அவர் டீச்சர், வேனில் மூத்த சகோதரியாய் ராத்தா.

பாடசாலையில் இரண்டு அறைகளோடு ஒரு கக்கூஸ் இருந்தது. பிள்ளைகளுக்கென்று எப்போதோ கட்டியது. உப்புக் காற்று முதலில் பிணைச்சல்களைத் தின்றது, பிறகு கதவுகளைத் தின்றது. சுவரும் குழியும் மிஞ்சின. குழாய் இருந்தது, அதில் தண்ணீர் வந்ததை நான் பார்த்ததில்லை. வயதுக்கு வந்த பெண்பிள்ளைகள் அவசரம் என்றால் வீட்டுக்கு ஓடிப்போவார்கள், பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள். ஆண் ஆசிரியர்களுக்குப் பற்றைக்காடு இருந்தது.

எங்களுக்கு ஆரம்பத்தில் பின்வீட்டு மாமி இருந்தார். வேலியில் நாங்கள் நுழைய ஒரு கண்டாயம் வைத்து, வாளியில் தண்ணீர் நிரப்பி, "வாங்க டீச்சர், ஆம்பளைகள் இல்ல" என்று குரல் கொடுப்பார். யுத்தம் முடிந்து கொஞ்சக் காலத்தில் அவர்கள் குடும்பம் மன்னாருக்கே திரும்பியது. ஊர் திரும்புகிறார்கள் என்று நாங்கள் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுது, சந்தோசமாக அனுப்பி வைத்தோம். அடுத்த நாள் இடைவேளையில்தான் உறைத்தது, பின்வீட்டில் பூட்டுத் தொங்குகிறது என்று. மற்ற வீடுகள் தூரம். கிட்ட இருந்த ஒன்றில் மீன்பிடித்துவிட்டு வந்த ஆண்கள் பகல் முழுக்க வாசலில் படுத்திருப்பார்கள்.

ஆகவே தண்ணீர் குடிப்பதை விட்டோம். விடியச் சுபஹுக்கு அரைக் கோப்பை பிளேன்டீ. பிறகு பின்னேரம் அஸருக்கு வீடு திரும்பும்வரை தொண்டையை நனைப்பதில்லை. அந்த வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, தொண்டை கிழியக் கத்திப் படிப்பிக்கிற வேலை. "எங்களுக்கு வருசம் பூரா நோன்புதான்" என்று ஒருத்தி வேனில் பகிடி விட்டாள். பஸீஹா ராத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நோன்ப இதோட சேக்காத. நோன்பு நாம அல்லாஹ்வுக்காகப் புடிக்கிறது. இது நமக்கு ஆர் கடமையாக்கின?"

அவருக்குத்தான் முதலில் அடித்தது. இடுப்பில் நாரிக் குத்து, நடுக்கக் காய்ச்சல், வார்டில் போய்ப் படுத்தார். கொஞ்ச மாதம் கழித்து மறுபடியும் படுத்தார். நாங்கள் பார்க்கப் போனபோது சேலைன் ஏறிக்கொண்டிருந்த கையை ஆட்டிச் சொன்னார்: "டொக்டர் சொல்றார், நல்லாத் தண்ணி குடிக்கட்டாம். குடிச்சிட்டு? அவரட வீட்டுக்கா போற?"

பக்கத்துக் கட்டில்காரிகள்கூடச் சிரித்தார்கள். ராத்தா நகரத்துக்குள் இடமாற்றம் கேட்டு எழுதினார். பதிலுக்கு ஆள் வந்தால் விடலாம் என்று மறுமொழி வந்தது. கணக்குக்கு அந்தக் களப்போரத்துக்கு யார் வருவார்கள்? கக்கூஸ் கட்டித் தந்தால் போதும், இடமாற்றமே வேண்டாம் என்று ராத்தா சொல்லத் தொடங்கினார்.

3

அப்படி இருக்கும்போதுதான் அந்தச் செய்தி வந்தது. கொழும்பிலிருந்து ஒரு அமைப்பு வருகிறதாம். கரையோரப் பாடசாலைகளுக்குப் போய் ஆசிரியர்களின் வேலை நிலைமை பற்றி அவர்கள் வாயாலேயே கேட்டு எடுத்து, எங்கே எது இல்லையோ அதைக் கட்டிக் கொடுக்கப் போகிறார்களாம்.

அன்று வேன் அதிர்ந்தது. எங்களில் யார் பேசுவது என்பதற்கு விவாதமே வரவில்லை.

"ராத்தா, நீங்கதான் சொல்லணும். வார்டுல கிடந்ததையும் சேத்துச் சொல்லுங்க."

"ஓம். நான் சொல்றன். வெக்கத்த ஒரு பக்கம் வச்சிட்டுச் சொல்றன். எனக்கென்ன பயம்?"

அங்கேயே சொல்லியும் காட்டினார். கதவில்லை, தண்ணி இல்லை, டீச்சர்மார் தண்ணி குடிக்கிறதில்லை, நான் இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் படுத்தவள் என்று வரிசையாக, கணக்குப் பாடம் மாதிரி. டிரைவர் நானா ரேடியோவைக் கூட்டினார். எங்களுக்குக் கண் கலங்கியது, கக்கூஸே வந்துவிட்ட மாதிரி.

அதோடு நின்றிருந்தால் நல்லது. ஆனால் எங்கள் சனத்துக்கு ஒரு வியாதி உண்டு. வருசக்கணக்காக வரிசையில் நின்று மற்றவன் தந்த அரிசியையும் பருப்பையும் வாங்கித் தின்றவர்கள் நாங்கள். வெளியிலிருந்து வந்த யாரைக் கண்டாலும் கையை நீட்டித்தான் பழக்கம். இப்போது நாலு கல் வைத்து வீடு கட்டி, அடுப்பு எரியத் தொடங்கிய பிறகு, வருகிறவனுக்கு ஒரு பிடி சோறு போட்டு அனுப்பச் சந்தர்ப்பம் கிடைத்தால் விடுவோமா? அதிபர் பெற்றோரைக் கூப்பிட்டார். கருத்துக் கேட்க வருகிறவர்கள் அந்த ஒரு கூட்டத்தில் விருந்தாளிகளாக மாறிப்போனார்கள். பள்ளிவாசலிலிருந்து கதிரைகள், யாரோ வீட்டிலிருந்து மேசை விரிப்பு, இன்னொரு வீட்டிலிருந்து நிற்கிற ஃபேன். வகுப்பறைச் சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். மத்தியானத்துக்கு, ஒரே தட்டைச் சுற்றியிருந்து சாப்பிடும் சஹன் சாப்பாடு என்று முடிவானது. சமையலுக்கு யார் தலைமை? வேறு யார், பஸீஹா ராத்தாதான்.

திரும்பி வரும்போது வேனில் நான் வெடித்தேன். "ராத்தா, இது என்ன கூத்து? நிலைமை பார்க்க வாறவங்களுக்கு நிலைமைய மூடி மறைச்சிக் காட்டுறதா?"

"மறைக்க இல்ல புள்ள. வாயால சொல்லத்தானே போறன்" என்றார். "அது இரிக்கட்டும். வாறது ரெண்டும் பொம்பளப் புள்ளயளாம். கொழும்புல இருந்து அவ்வளவு தூரம் பஸ்ல வந்து இறங்கின உடனே கேக்குங்கள். அப்ப என்ன செய்ற?"

"காட்டுங்க. அதுதானே வேணும் நமக்கு!"

"போடி பைத்தியம். நம்மள நம்பி வந்த குமருப் புள்ளைக்கிக் கதவில்லாத கக்கூஸக் காட்டுறதா? நான் படுற பாட்ட அதுகளும் படணுமா?"

அவர்கள் வருகிற நாள் காலை வேன் அவர் வீட்டு வாசலில் நின்றபோது, அவரும் அவர் புருசனும் ஒரு கதவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். நீல நிறப் பிளாஸ்டிக் கதவு. அவர்கள் வீட்டு பாத்ரூமில் இருந்ததைப் பிணைச்சலோடு கழற்றியிருந்தார்கள். டிரைவர் நானா ஒரு கேள்வியும் கேட்கவில்லை, கயிறு எடுத்து வேன் கூரையில் கட்டினார். உப்பளத்தைத் தாண்டிப் போகும்போது காற்றில் அது படபடவென்று அடித்துக்கொண்டே வந்தது.

4

வந்தவர்கள் நல்ல பிள்ளைகள். அதுதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல். திமிர் பிடித்தவர்களாக வந்திருந்தால் ராத்தா கிழித்துத் தோரணம் கட்டியிருப்பார். ஒருத்தி கண்ணாடி போட்ட தமிழ்ப் பிள்ளை, மற்றவள் தமிழ் கொஞ்சம் விளங்கும் சிங்களப் பிள்ளை. வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்கள். பிள்ளைகள் வரவேற்புப் பாட்டுப் படித்து முடியும்வரை வெயிலில் நின்று கேட்டார்கள்.

கண்ணாடிப் பிள்ளை என் காதருகே குனிந்து மெல்லக் கேட்டாள், "டீச்சர், டொய்லட் எங்க?" நான் வாயைத் திறப்பதற்குள் பஸீஹா ராத்தா அவள் கையைப் பிடித்தாயிற்று. தானே கூட்டிப்போனார். நீலக் கதவு மாட்டியிருந்தது, உள்ளே தண்ணீர்ப் பவுசரில் கொண்டுவந்து நிரப்பிய பீப்பாய், புதுச் சவர்க்காரம், மடித்து வைத்த துவாய். அவள் வெளியே வரும்வரை ராத்தா வெளியில் காவல் நின்றார். காலையிலிருந்து சமையலில் நின்றவர். தானும் ஒரு தடவை உள்ளே போயிருக்கலாம். விருந்தாளி வர முதல் பீப்பாய்த் தண்ணீரைத் தொடக்கூடாது என்று போகவில்லை.

பேச்சை முதலில் வைத்துக்கொள்வதாகத்தான் கொழும்புப் பிள்ளைகள் திட்டம் போட்டிருந்தார்கள். "சாப்பாடு ஆறிடும்" என்று அதிபர் சொன்னார். பாய் விரித்து, பெரிய தட்டில் சோறும் கோழியும் முட்டையும் பரப்பி, ஒரு தட்டைச் சுற்றி ஆறு பெண்கள் உட்கார்ந்தோம். சிங்களப் பிள்ளை மற்றவர் கை படுகிற தட்டில் கை வைக்கத் தயங்கினாள். ராத்தா கோழித் துண்டைப் பிய்த்து அவள் பக்கமாகத் தள்ளி, "சாப்பிடுங்க மகள், இது நம்மட சொந்தத் தட்டு மாதிரி" என்றார். அதற்குப் பிறகு அவள் இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டாள். கடைசியில் வந்த வட்டிலப்ப இனிப்புக்குப் பக்குவம் கேட்டாள். ராத்தாவின் முகத்தைப் பார்க்க வேண்டும், பெருநாள் முகம்.

பிறகு கைகழுவி, வட்டமாகக் கதிரை போட்டு, கருத்துத் திரட்டத் தொடங்கினார்கள். அதிபர் ஓரமாக உட்கார்ந்தார். வகுப்பில் எத்தனை பிள்ளைகள், பாட நேரம், போக்குவரத்து என்று கேள்விகள் போயின. எல்லாவற்றுக்கும் எங்கள் பக்கமிருந்து ஒரே மாதிரிப் பதில்தான் வந்தது: பரவாயில்ல, சமாளிக்கிறம், அல்ஹம்துலில்லாஹ். கண்ணாடிப் பிள்ளை கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக் கேட்டாள்: "டீச்சர்மாருக்குக் கழிப்பறை வசதி எப்படி?"

எல்லோரும் ராத்தாவைப் பார்த்தோம்.

ராத்தா அந்தப் பிள்ளைகளைப் பார்த்தார். அவர் விரல்களில் இன்னும் நெய் வாசம் இருந்திருக்கும். வாயைத் திறந்தார், மூடினார், முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டார். பிறகு சிரித்துக்கொண்டு சொன்னார்: "அல்ஹம்துலில்லாஹ். இருக்கிறத வச்சிச் சமாளிக்கிறம்."

"ஓம் டீச்சர், நான் போனேனே. எவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்க! எத்தனை ஸ்கூல் பார்த்தாச்சு, இப்படி ஒரு இடத்திலயும் இல்ல." அவள் எழுதிக்கொண்டாள்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அது எல்லோருக்கும் தெரியும். "அந்தக் கதவு…" என்று தொடங்கினேன். ராத்தா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இரண்டு நாள் நீலமாக இருந்தது.

"கதவுக்கு என்ன டீச்சர்?" என்று பிள்ளை கேட்டாள்.

"ஒண்டுமில்ல மகள். கதவு, ஜன்னலுக்கெல்லாம் பெயின்ட் அடிச்சா நல்லம் எண்டு சொல்றா" என்றார் ராத்தா. அதிபர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். சிங்களப் பிள்ளையும் விளங்கியோ விளங்காமலோ சிரித்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

பின்னேரம் கதவு மறுபடியும் வேன் கூரையில் ஏறியது. முதலில் ஒருத்தி குலுங்கத் தொடங்கினாள், பிறகு எல்லோரும் அடக்க முடியாமல் சிரித்தோம், கண்ணீர் வரச் சிரித்தோம், டிரைவர் நானாவும் சிரித்தார். பஸீஹா ராத்தா மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தார்.

"ஏன் ராத்தா? ஏன் சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"அந்தப் புள்ள ரெண்டு தரம் சோறு போட்டுத் திண்டிச்சே, நுஸ்ரா" என்றார். "ஒரு சஹன்ல கை வச்சிச் சாப்பிட்டுட்டு, அந்தக் கை காய முன்னால மூத்திரக் கதை கதைக்கிறதா? எனக்கு வாய் வரல்ல."

5

இந்தக் கதையைப் போன கிழமை என் மகள் ஹனாவுக்குச் சொன்னேன். அவளுக்குப் பதினாலு வயது. தமிழ் விளங்கும், பேசும்போது சொல்லுக்குச் சொல் நின்று தேடுவாள். கதவைக் கூரையில் கட்டிய இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். கடைசியில் சிரிப்பு நின்று, நெற்றியைச் சுருக்கி என்னைப் பார்த்தாள்.

"பட், உம்மா… அவங்க கேக்கத்தானே வந்தாங்க? நீங்க ஏன் சும்மா சொல்லல்ல?"

அவள் கேட்டது நியாயம். அவளுடைய சிநேகிதிகள் வீட்டுக்கு வந்தால் ஆளுக்கொரு பெட்டி பீட்சாவை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறார்கள். போகும்போது எனக்கு 'பை' சொல்கிறார்கள், நல்ல பிள்ளைகள்தான். வரிசையில் நின்று வாங்கித் தின்ற சனம், மற்றவருக்குக் கொடுக்கிற ஒரு நாளில் தன் குறையை எடுத்து நடுவில் வைக்காது என்பதை நான் எந்தப் பாஷையில் இவளுக்குச் சொல்வது? சொல்லிப் பார்த்தேன். "ஓகே" என்றாள். போனை எடுத்துக்கொண்டாள்.

சரி, சும்மா சொன்னால் மட்டும் என்ன நடக்கிறது? போன வருடக் கேள்விக்கொத்தில், கீழே கருத்து எழுதும் பெட்டியில், வஞ்சகமில்லாமல் எழுதினேன். வகுப்பாசிரியை சுகவீன விடுமுறை எடுக்கிற நாட்களில் முழு வகுப்பையும் நான்தான் படிப்பிக்கிறேன், ஆனால் ஆசிரியை என்ற பெயரும் இல்லை, சம்பளமும் இல்லை என்று. பெயர் போடவில்லை, ஆனால் என் ஆங்கிலத்தைப் பார்த்தால் குழந்தைக்கும் தெரியும் யார் எழுதியது என்று. தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, "உங்கள் வெளிப்படையான மனதுக்கு மிக நன்றி" என்றார். அந்தக் கிழமையே வகுப்பாசிரியைக்கு மூக்கொழுகித் தடிமன் பிடித்தது. நான் வகுப்பைப் படிப்பித்தேன்.

என் சான்றிதழை இங்கே ஒப்புக்கொள்ளவேண்டுமென்றால், நான் படித்த கல்லூரியின் பாடத்திட்டத்தை ஆங்கிலத்தில், முத்திரை குத்தி அனுப்பச் சொல்கிறார்கள். கல்லூரிக்குப் போன் எடுத்தால் நேரில் வந்து விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். நடுவில் ஒரு சமுத்திரம் கிடக்கிறது. ஹனாவுக்கு இதையும் சொன்னால், "இன்னொரு மெயில் போடுங்க" என்பாள். இந்தப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு மெயில் இருக்கிறது.

6

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பிள்ளைகள் போய்ப் பல மாதம் கழித்து உதவி வந்தது. எங்களைப் போல விருந்து வைக்காத ஒரு பாடசாலைக்கு, எலுவன்குளம் போகிற பக்கம், ஆசிரியைகளுக்கென்று தனிக் கழிப்பறையும் தண்ணீர்த் தாங்கியும் கிடைத்தன. அங்கே போன அன்று அந்தக் கொழும்புப் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணிகூடக் கொடுக்கவில்லையாம், மழை வேறு பெய்து கூரை ஒழுகியதாம். எங்களுக்கு ஒரு லொறி வந்தது. இறக்கிப் பார்த்தால் பெயின்ட் டின்கள். கதவுக்கும் ஜன்னலுக்கும் அடிக்க.

அதிபர் நல்ல மனிதர், அவர் முகம் செத்துப்போயிருந்தது. அவருக்கு எங்கள் முன்னால் அந்தச் சொல்லைச் சொல்லவே வெட்கம், 'சுகாதார வசதி' என்றுதான் சொல்வார். "சுகாதார வசதிக்கு இன்னொரு முறை எழுதுவம் டீச்சர்" என்றார். எழுதினார். எழுதின இடத்தில், உங்கள் பாடசாலை திருப்திகரமான நிலையில் இருப்பதாகச் சொல்லப்பட்டிருக்கிறதே என்று அவரையே திருப்பிக் கேட்டார்களாம்.

நாங்கள் ஜன்னல்களுக்குப் பெயின்ட் அடித்தோம். தண்ணீர் குடிக்காமல் படிப்பித்தோம். பஸீஹா ராத்தா மூன்றாம் தரம் வார்டில் படுத்தார். அடுத்த வருடம் என் புருசனுக்கு இங்கே வழி கிடைத்து, நான் ஹனாவைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறினேன். வழியனுப்ப வந்த ராத்தாவின் கால்கள் வீங்கியிருந்தன. செருப்பு நுழையவில்லை. "வெயிலுக்கு" என்றார்.

வெயிலுக்கு இல்லை. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. டொக்டரைக் கேட்டால் ஒரு காரணத்தைச் சொல்ல மாட்டார். சீனி வியாதி இருந்தது என்பார், பிரஷர் இருந்தது என்பார், கல் இருந்தது, அடிக்கடி கிருமி ஏறியது, அந்தப் பக்கத்துத் தண்ணீரும் அப்படி என்பார். அவர் படித்தவர், எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்வார். நான் அந்த வேனில் போனவள். எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. நினைக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது, யாரில் கோபப்படுவது என்று தெரியாததால் இன்னும் கூட வருகிறது.

இப்போது கிழமைக்கு இரண்டு தடவை அவர் புருசன் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் இரத்தம் சுத்திகரிக்கிற மெசினில் படுக்கவைக்கிறார். சேவையிலிருந்து மருத்துவக் காரணம் காட்டி நிறுத்திவிட்டார்கள். நகரத்துக்குள் ஒரு இடமாற்றம் தரமுடியாதவர்களால் அவரை வீட்டுக்கு அனுப்ப முடிந்தது.

7

நேற்று ராத்தா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். குரலில் பழைய சத்தம் இல்லை, ஆனால் உற்சாகம் இருந்தது.

"நுஸ்ரா, நேத்து நான் இஸ்கூலுக்குப் போனன்."

"என்ன ராத்தா சொல்றீங்க? உங்களுக்கு நடக்க ஏலுமா?"

"ஆட்டோவுல போய்க் கதிரையில இருந்தாக் காணும்தானே. கக்கூஸ் கட்டி முடிச்சிட்டாங்க புள்ள! டீச்சர்மாருக்குத் தனிக் கக்கூஸ்."

கத்தாருக்குப் போன பழைய மாணவர்கள் சேர்ந்து கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ராத்தாவிடம் கிள்ளு வாங்கிக் கணக்குப் படித்தவர்கள். திறந்துவைக்க அரசியல்வாதி வேண்டாம், பஸீஹா டீச்சர்தான் ரிப்பன் வெட்ட வேண்டும் என்று அவர்களே சொல்லிவிட்டார்களாம்.

எனக்குக் கத்த வேண்டும் போலவும் அழ வேண்டும் போலவும் இருந்தது. "எப்பிடி இரிக்கி ராத்தா? நல்லாக் கட்டியிருக்காங்களா?"

"மாஷா அல்லாஹ், வீட்டுல கூட இப்பிடி இல்ல. டைல்ஸ் போட்டிரிக்கி. கண்ணாடி வச்சிரிக்கி. மேல தாங்கி, திறந்தா ஓ எண்டு தண்ணி வருது. நல்ல மொத்தக் கதவு, உள்பக்கம் கொண்டி. நான் ரிப்பன வெட்டிட்டு உள்ளுக்குப் போய்க் கொண்டியப் போட்டுப் பாத்தன்."

"பிறகு?"

"கொஞ்ச நேரம் அப்பிடியே நிண்டன். குழாயத் திறந்து பாத்தன், மூடினன். வெளிய புள்ளைகள் 'டீச்சர், டீச்சர், என்ன செய்றீங்க' எண்டு கதவுல தட்டுதுகள். புதுசா வந்த டீச்சர்மார் சிரிக்கிறாளுகள். பாவம், சின்னப் புள்ளைகள், ஒவ்வொருத்தியும் கையில தண்ணிப் போத்தலோட நிக்கிறாளுகள். எனக்கு அதப் பாக்கத்தான் ஆசையா இருந்திச்சு."

"அப்ப நீங்கதான் முதல் ஆளா அந்தக் கக்கூஸப் பாவிச்ச?" என்று நான் பகிடியாகக் கேட்டேன். அந்தப் பக்கம் அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவும் செய்தார், கொஞ்சமாக.

"இல்ல புள்ள," என்றார். "எனக்குத்தான் இப்ப மூத்திரமே போறதில்லையே. எல்லாம் மெசின்தானே எடுக்குது."